மலைமேல் ஒரு நெய்தல்

திணைகள் தம்முள் மயங்கலாம். நிலங்கள் மயங்கா என்பது தொல்காப்பியர் கொள்கை. அந்நெறியை நாம் மீறி ஆண்டுகள் சில ஆகின்றன. ஏற்காட்டை அடுத்த செம்மநத்தத்தில், காப்பிச் செடிகளும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த குறிஞ்சி நிலத்தில், நம் வீட்டுக் கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியொன்றில் ஏறத்தாழ 300 லிட்டர் உப்புநீரோடு சிறு நெய்தல் ஒன்றை வளர்த்து வருகிறோம்.

அண்மையில் சேலத்து நண்பர் ஒருவர், தம் கடல்மீன் தொட்டிக்குப் புதிதாக எந்த மீன் வாங்கலாம் என்று கேட்டார். "தொட்டியில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்?" என்று திருப்பிக் கேட்டோம். "அதைக் கேட்டுக்கொண்டா மீன் வாங்குவார்கள்? கண்ணுக்கு அழகாக இருந்தால் போதாதா?" என்று சிரித்தார். போதாது என்பதே நம் கருத்து. அதை நாம் கற்றுக்கொண்டது ஓர் உயிரின் விலையில்.

நம் தொட்டி மூன்றாண்டுகள் அமைதியாக இருந்தது. கோமாளி மீன் இணையொன்று, பாறையிடுக்கில் வாழ்ந்த சிறு கோபி மீன் ஒன்று, பிற மீன்களின் உடலைத் தூய்மை செய்யும் இறால்கள் இரண்டு, இவ்வளவே குடும்பம். ஒருநாள் கடையொன்றில் கண்ட நீல டேம்சல் மீனின் நிறத்தில் மயங்கினோம். "எல்லாவற்றோடும் ஒத்துப்போகும் சார்" என்றார் கடைக்காரர். விரல்நீளம் கூட இல்லாத உயிர் என்ன செய்துவிடும் என்று நாமும் எண்ணினோம். ஒரு வாரத்தில் பாறையின் பாதி அதன் ஆட்சிக்குள் வந்தது. கோபி தன் இடுக்கைவிட்டு விரட்டப்பட்டு, துடுப்புகள் கிழிந்து, நீர்க்குழாயின் பின்னே ஒடுங்கி, உண்ணாமல் இறந்தது. டேம்சலைப் பிடிக்கப் பாறைகள் அனைத்தையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அடிமணல் கலங்கிய அன்றிரவே இறால்களில் ஒன்றும் போயிற்று. டேம்சலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடைக்காரர் மறுத்துவிட்டார்.

குற்றம் அம்மீனுடையதன்று. தன் எல்லையைக் காப்பது டேம்சலின் இயல்பு. பவளப்பாறையில் தோற்ற மீன் அடுத்த இடுக்குக்கு ஓடிவிடும்; நாலடிக் கண்ணாடிக்குள் ஓடுவதற்கு இடமில்லை. எனவே 'ஒத்துப்போகும்' என்னும் சொல் தனி மீனுக்குரிய பண்பைக் குறிப்பதன்று. அந்தத் தொட்டிக்கும் அதில் முன்பே வாழும் உயிர்களுக்கும் அம்மீனுக்கும் இடையிலான உறவைக் குறிப்பது.

ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டியவை சில உள. முழு வளர்ச்சியில் அதன் அளவு என்ன? வாலடியில் கத்திபோன்ற முள்ளுடைய சர்ஜன் மீன்கள் குஞ்சாக இருக்கையில் உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்தபின் பலவற்றுக்கு ஆறடித் தொட்டியும் சிறிது. அது எதை உண்ணும்? கிளாத்தி இனங்கள் பல இறாலையும் நண்டையும் உடைத்துத் தின்னும். மாண்டரின் மீனோ பாறையில் ஊரும் நுண்ணுயிரிகளையே நம்பியது. முதிராத தொட்டியில் கண்முன்னே பட்டினி கிடந்து மெலியும். முன்பே உள்ள மீனின் வடிவையோ நிறத்தையோ ஒத்ததா? ஒத்திருந்தால் பழைய மீன் அதனைப் போட்டியாளனாகவே கொள்ளும். சாதுவான மீன்களை முதலிலும் முரட்டு மீன்களை இறுதியிலும் விடுவதே முறை. நாம் அவ்வரிசையில் விட்டும் தோற்றோம். வரிசை மட்டும் போதாது என்பதற்கு அதுவே சான்று.

புதுமீனை நேரே தொட்டியில் விடுவதும் தவறு. உப்புநீர் வெண்புள்ளி நோய் உடலில் தெரியாமலே வந்துசேரும். தனித்தொட்டியில் நான்கு வாரமேனும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்நோய்க்குத் தரும் செம்பு மருந்து இறாலைக் கொல்லும் என்பதால் பெருந்தொட்டியில் மருத்துவம் செய்யவும் இயலாது.

மலையில் வாழ்வோர்க்கு இன்னும் இரு கவலைகள் உண்டு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. நீரில் கரையும் உயிர்வளியும் அதற்கேற்பக் குறைகிறது. உப்புநீரில் அது இயல்பாகவே நன்னீரைவிடக் குறைவு. ஆதலால் சமவெளியில் ஆறு மீன் வாழும் தொட்டியில் இங்கு நான்கோடு நிறுத்துவது நலம். அடுத்தது பயணம். கடற்கரையிலிருந்து வந்து, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பையில் மீனின் கழிவால் அம்மோனியா சேர்ந்திருக்கும். பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேறி நீரின் காரத்தன்மை உயர, அம்மோனியா கொடிய நஞ்சாகிறது. நெடும்பயணம் வந்த மீனைப் பழைய நீரிலேயே மணிக்கணக்கில் வைத்திருப்பது அன்பன்று, ஆபத்து.

நிற்க. தொட்டிக்கு வெளியேயும் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டியுள்ளது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பாறை கட்டும் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. எனவே நம் தொட்டியில் உயிர்ப்பவளம் இல்லை; வெறும்பாறையில் தானே படர்ந்த செந்நிறப் பாசியே அழகு. மீனிலும் அப்படியே. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் பெருக்கிக் காட்டியுள்ளன. பொரிப்பகத்தில் பிறந்த மீன் கிடைக்கும்போது பாறையிலிருந்து பிடித்ததை வாங்குவதற்கு என்ன நியாயம்? ஒவ்வொரு கடையும் மீனின் பிறப்பிடம், முழுவளர்ச்சி அளவு, உணவு, குணம் ஆகிய நான்கையும் தொட்டியின் மேல் எழுதி ஒட்ட வேண்டும் என்பது நம் கோரிக்கை. செலவு ஒரு துண்டுத் தாள்.

பொருந்தாத மீனை ஏரியிலோ கடலிலோ விட்டுவிடலாம் என்று எண்ணுவோர் ஜிலேபிக் கெண்டையை நினைத்துக்கொள்ள வேண்டும். 1952இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட அம்மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலை பலவற்றில் உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டுள்ளது. இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் உரிய சிங்க மீன், 1985இல் புளோரிடாக் கடலில் தென்பட்டு, பின்னர் கரீபியக் கடல் முழுதும் பரவியது. வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டதே அதற்குக் காரணம் என்று கருதுகின்றனர். நம் மலையிலேயே உண்ணிச்செடி மூடிய காடுகளைக் காண்போர்க்கு வேறு சான்று வேண்டா.

அந்த நீல டேம்சல் இன்றும் நம்மோடுதான் இருக்கிறது. தனியே சிறுதொட்டி, தனியே வெப்பமூட்டி, மின்சாரம் நிற்கும் இரவுகளில் தனியே ஒரு காற்றுக்கருவி. உணவிட நெருங்கினால் நம் விரலையும் விரட்ட வருகிறது. கடையில் ஒரு கேள்வி கேட்காமல் வந்ததற்கு நாம் நாள்தோறும் செலுத்தும் வரி அது. நண்பரும் வாங்குமுன் தம் தொட்டியின் எதிரே ஒரு மாலை அமர்ந்து பார்க்கட்டும். எந்த இடுக்கு யாருடையது என்று தெரிந்தபின், புதியவர்க்கு இடமுண்டா என்பதும் தெரிந்துவிடும்.