வேகத்துக்கு ஒரு திடல்

சென்ற வாரம் வகுப்பு முடிந்து நாம் வெளியேறியபோது மாணவன் ஒருவன் பின்னே வந்து, "சேர், கார்ப் பந்தயத்தில் சேருவதற்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டான். நாம் நகைத்துவிட்டோம். "முதலில் சோதனையில் சித்தியடைகிற வழியைப் பார், தம்பி" என்று சொல்லி அனுப்பினோம். அவன் முகம் வாடியது வீடு வந்த பின்னரே நம் நெஞ்சை உறுத்தியது.

ஈராண்டுகளுக்கு முன் அதே வாங்கில் அமர்ந்திருந்த பிள்ளை ஒருவன், ஏ-9 வீதியில் நண்பனோடு மோட்டார்ச் சைக்கிளிற் போட்டியிட்டு மாண்டுபோனான். அவன் நம்மிடம் எதையும் கேட்டதில்லை. இவனோ கேட்கிறான். கேட்கும் பிள்ளைக்கு விடை கூறுவது ஆசிரியன் கடமையன்றோ?

வேகத்தில் ஆசை கொள்வது குற்றமன்று. நம் வன்னியில் மாட்டுவண்டிச் சவாரி பார்த்து வளராதவர் எவர்? ஆனால் சவாரி மாடுகளைச் சந்தைத் தெருவில் யாரும் விரட்டுவதில்லை. அதற்கென்று திடல் இருக்கிறது, நடுவர் இருக்கிறார், விதி இருக்கிறது. மோட்டார்ப் பந்தயத்துக்கும் அதுவே முறை. அங்கே திடலையும் விதியையும் காப்பது கழகம்.

நமது நாட்டில் இது புதிய சங்கதியுமன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. அதை நடத்திவருவது சிலோன் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். இப்போட்டியில் கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றாக மலைப்பாதையில் ஏறும். குறைந்த நேரத்தில் ஏறியவரே வெற்றியாளர். கடிகாரமே எதிராளியாதலின், புதியவர்கள் பழகுவதற்கு இவ்வகைப் போட்டி ஏற்றது.

சேர விரும்புவோன் முதலிற் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றுக் கழகமொன்றில் அங்கத்தவனாக வேண்டும். பின்னர் போட்டி அனுமதி, வைத்தியப் பரிசோதனை, வாகனப் பரிசோதனை என்பன வரும். தலைக்கவசம், தீப்பற்றாத உடை, உடலை இறுகப் பிணிக்கும் ஆசனப் பட்டி ஆகியவை இன்றியமையாதன. கொடிகளின் மொழியையும் கற்க வேண்டும். மஞ்சள் அசைந்தால் முன்னே ஆபத்து. அவ்விடத்தில் எவரையும் முந்தலாகாது. சிவப்புக் கண்டால் பந்தயம் நிறுத்தம். நீலம், பின்னால் விரைந்துவரும் காருக்கு வழிவிடு என்பது. வேகமாக ஓடக் கற்பதற்கு முன்னர் அடங்கக் கற்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

திடலிலும் எச்சரிக்கை தளரலாகாது. 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆந் திகதி, தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதை விலகிப் பார்வையாளர் மத்தியிற் பாய்ந்தது. 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு குழந்தையும் இருந்தது. பார்க்கச் செல்வோரும் எல்லைக் கயிற்றுக்கு அப்பால் நிற்பதே அறிவு.

"இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு" என்று பெற்றோர் கூறுவது நம் செவியில் விழுகிறது. அது பொய்யன்று. போர்முலா வண் பந்தயத்தில் 2005 இல் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூரைச் சேர்ந்தவர். அவர் தந்தையாரும் பெயர்பெற்ற ராலி ஓட்டுநர். 1992 இல், பதினைந்து வயதிலேயே, மகன் பிரான்சிற் பந்தயப் பயிற்சி பெற்றார். அத்தகைய வாய்ப்பு நமது வயற்கரைப் பிள்ளைகளுக்கு எளிதிற் கிட்டாது.

ஆயினும் கழகத்துக்குள் நுழையும் வாசல் ஒன்றல்ல. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953 இல் உருவானது. இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற சோழவரம் விமானத் தளத்திலேயே அக்காலத்துப் பந்தயங்கள் நடந்தன. 1990 இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுபாதை அமைந்தது. போர் விட்டுப்போன தளமும் இளைஞர் விளையாடும் திடலாகலாம் என்பது வன்னியில் வாழும் நமக்கு நினைவிருக்கத் தக்கது. அத்தகைய திடலை ஓட்டுநர் மட்டும் நடத்துவதில்லை. வளைவுகளிற் கொடி பிடிப்போர், நேரம் குறிப்போர், இயந்திரம் பார்ப்போர் எனப் பலர் அங்கே வேண்டும். கொடி பிடிக்கச் சொந்தக் கார் தேவையில்லை. வளைவில் நிற்பவனுக்கு எவன் எங்கே தடுப்பை அழுத்துகிறான், எவன் நிதானமிழக்கிறான் என்பது கண்ணெதிரே தெரியும். அதைவிடச் சிறந்த வகுப்பறை ஏது?

நம் கேள்விக்காரத் தம்பி விடுமுறை நாட்களில் உழவு இயந்திரம் திருத்தும் கராஜொன்றில் நிற்பவன். சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவான் என்பர். அவன் கற்கத் தொடங்கிவிட்டான், நாம்தான் அறியவில்லை.

பெற்றோரே, பிள்ளையின் வேக ஆசையைக் கடிந்து அடக்கினால் அது வீட்டில் அடங்கி வீதியில் வெடிக்கும். அதற்கு ஒரு திடலைக் காட்டுங்கள். நாளைக் காலை நாமும் அந்த மாணவனை அழைத்து, முதலில் நகைத்தமைக்கு வருத்தம் தெரிவிப்போம். பின்னர் விடை சொல்வோம். சோதனையையும் நினைவூட்டுவோம். ஆனால் அதைக் கடைசியிற் சொல்வோம்.