தவறு அமுக்கிய கையிலா?



எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா சுமை தூக்கும் தொழிலாளி. சென்ற ஆண்டு ஒரு விண்ணப்பத்துக்காக இணையத்தில் 400 ரூபாய் கட்டினேன். பக்கம் அப்படியே நின்னு போச்சு. ரெஃப்ரெஷ் செய்தேன். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. சரி என்று அமுக்கினேன். பணம் இரண்டு முறை போய்விட்டது! "படிச்ச புள்ள, பார்த்து அமுக்கக் கூடாதா?" என்றார் அப்பா. நானும் என் தவறு என்றே நம்பினேன்.

வெப் புரோகிராமிங் பாடம் படித்த பிறகுதான் விளங்கியது. பிரௌசர் சர்வருக்கு அனுப்பும் கோரிக்கையின் முதல் சொல்லே மெத்தட். 1991-ல் இருந்தது கெட் ஒன்றுதான். 1996-ல் வெளியான எச்.டி.டி.பி. 1.0-ல் போஸ்ட்டும் ஹெட்டும் இடம் பெற்றன. புட், டெலீட் முதலியவை பின்னர் முறைப்படி சேர்ந்தன.

ரேஷன் கடையில் "அரிசி வந்திருக்கா?" என்று பத்து தடவை கேட்டாலும் கணக்கில் எதுவும் ஏறாது. அது கெட். அரிசி வாங்கினால் பதிவு ஏறும். அது போஸ்ட். இரண்டு முறை போனால் இரண்டு பதிவு ஏறிவிடக்கூடும். அதைத் தடுக்க வேண்டியது யார்? வாங்க வந்தவரா, கணக்கு எழுதுபவரா?

ஆனால் நம்ம லேபில் என்ன செய்கிறோம்? சர்வ்லெட் எழுதும்போது டூகெட்டுக்குள் டூபோஸ்ட்டைக் கூப்பிட்டுவிட்டு, "எதுல வந்தாலும் ஓடுதுல்ல!" என்று ரெக்கார்டில் கையெழுத்து வாங்குகிறோம். இது தவறு என்பது என் தாழ்மையான கருத்து. 2005-ல் கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர், பக்கத்திலுள்ள இணைப்புகளை முன்கூட்டியே கெட் மூலம் எடுத்து வைத்தது. 'நீக்கு' என்பதைச் சாதாரண இணைப்பாக வைத்திருந்த தளங்களில், யாரும் தொடாமலே பதிவுகள் அழிந்தன. கெட்டில் வரும் பாஸ்வேர்டும் முகவரியில் ஒட்டிக்கொண்டு சர்வரின் லாகில் போய் உட்காரும்.

வழி இருக்கிறது. ஏற்காத மெத்தட் வந்தால் 405 என்று சொல்லி, எவை ஏற்கப்படும் என்று அலௌ ஹெடரில் தெரிவிக்க வேண்டும். போஸ்ட் முடிந்ததும் 303 கொடுத்து வேறு பக்கத்துக்கு அனுப்பிவிட்டால், அங்கே ரெஃப்ரெஷ் செய்தாலும் ஒன்றும் ஆகாது. பதில் வராமலே மறுபடி அமுக்குபவருக்காக, ஒவ்வொரு படிவத்துக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் ஏற்காமல் விடலாம். மொத்தம் பத்திருபது வரி கோடுதான்!

அந்தப் பத்து வரியை எழுதாமல் விட்டவருக்கு அது சோம்பல். எங்க அப்பாவுக்கோ அது 400 ரூபாய். அதைவிட, "நமக்கெல்லாம் இது தெரியாதுப்பா" என்று அவர் ஒதுங்கிக்கொண்டதுதான் எனக்கு வலிக்கிறது.

தோழர்களே, நாளை நாம்தான் சர்வர் கோடு எழுதப் போகிறோம். அமுக்குகிற கை நம்ம அப்பா அம்மாவின் கை என்று நினைத்து எழுதுவோம்!