நீலத் தண்ணீரும் சிவப்புச் சட்டையும்

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் பூங்காவில் வளர்ப்பு நாய்க்கு எல்லை சாலையிலிருந்து நூறடிதான். கழுத்தில் ஆறடிக்கு மிகாத வார் வேண்டும். வெந்நீர் ஊற்றுகளுக்கு இடையே ஓடும் பலகை நடைபாதையில் அது கால் வைக்கவே கூடாது. பார்வையற்றவரை அழைத்துச் செல்லும் நாய் போன்ற சேவை நாய்க்கு மட்டும் அந்தப் பலகையில் அனுமதி உண்டு. அது வேடிக்கை பார்க்க வரவில்லை, வேலைக்கு வந்திருக்கிறது.

சிக்கல் சட்டையில் இருக்கிறது. 'சேவை நாய்' என்று அச்சிட்ட சிவப்புச் சட்டையை எவரும் இணையத்தில் வாங்கி வீட்டுச் செல்லத்துக்கு மாட்டிவிடலாம். ஊழியரோ சான்றிதழ் கேட்க முடியாது. ஆனால் 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகள், மன ஆறுதலுக்காக மட்டும் உடனிருக்கும் பிராணியைச் சேவை நாயாக ஏற்பதில்லை. தேசியப் பூங்காத் துறையும் 2018-ல் இதே வரையறைக்கு வந்துவிட்டது. ஊழியர் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு: குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா? எந்த வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? "உங்களுக்கு என்ன நோய்?" என்பது தவறு, "எங்கே, செய்துகாட்டச் சொல்லுங்கள்" என்பதும் தவறு. கோடைக்கு மட்டும் வேலைக்கு வரும் இளைஞர், வம்பு எதற்கென்று, கேட்கக்கூடிய அந்த இரண்டு கேள்விகளையும் விழுங்கிவிடக் கூடாது.

1981 ஜூலையில் செலஸ்டைன் என்ற வெந்நீர்க் குளத்தருகே நடந்ததைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியிலிருந்து தப்பிய நாய் ஒன்று குளத்துக்குள் பாய்ந்தது. வெப்பம் சுமார் 94 டிகிரி செல்சியஸ். காப்பாற்றத் தலைகீழாகக் குதித்த 24 வயது இளைஞர் மறுநாள் இறந்தார். நாயும் பிழைக்கவில்லை.

அது சேவை நாய் அல்லதான். ஆனால் குளம் சட்டை பார்ப்பதில்லை. நன்கு பழகிய வழிகாட்டி நாய் படிக்கட்டு வந்தால் நிற்கும். கார் வந்தால், பிடித்திருப்பவர் 'போ' என்றாலும் நகராது. நகரத் தெருவில் கற்ற பாடம் அது. வெந்நீர் ஊற்றோ, தாகமெடுத்த நாய்க்கு வெறும் நீலத் தண்ணீர்.

குளிர்ந்த காலையில் அந்த நடைபாதையில் ஆவி கவிழும்போது முன்னே போகிறவரின் முதுகுகூட மங்கிவிடும். மூக்கை நிறைப்பது கந்தக வாடை. பல இடங்களில் கைப்பிடி கிடையாது. பலகை முடிந்ததும் வெள்ளை மேலோடு, சில இடங்களில் அப்பளம் போல மெலிந்தது, அதன் அடியில் கொதிநீர். எதிரே ஒரு குழந்தை வண்டி வருகிறது. ஒதுங்க வேண்டும். நாய்க்கு இருப்பது நான்கு கால். அவற்றில் ஒன்று வெளியே போனால் போதும்.

அடுத்த கோடைக்குள், எந்தப் பாதையில் கைப்பிடி உண்டு, எது இருவர் எதிரெதிரே போகும் அகலம், காட்டெருமை பாதையில் படுத்திருந்தால் எவ்வழியே திரும்பலாம் என்ற விவரங்கள் வாசலிலேயே கிடைக்கச் செய்யுங்கள். 1995 முதல் ஓநாய்கள் திரும்பிவிட்ட காடு அது. அவற்றுக்கு நாய் விருந்தாளி அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாயால் சொல்லுங்கள், பிரெயிலில் கொடுங்கள். பார்வையற்றவர் கையில் வண்ண வரைபடத்தைத் திணித்துக் கையசைத்து அனுப்ப மட்டும் வேண்டாம்.