கருவியின் விலையும் கம்பத்தின் உயரமும்

வானொலி என்றால் கேட்பதற்கே என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். கேட்பவனே பேசவும் செய்யும் அமெச்சூர் வானொலிக் கலையில் நம் மாணாக்கர் சிலருக்கு ஆர்வம் பிறந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயின் ஓர்ஸ் ஹில்லில் என்னைக் காண வரும் இளைஞர்களின் முதல் வினா, "ஐயா, எந்தக் கருவி சிறந்தது?" என்பதே. வினா அங்கே தொடங்குவது முறையன்று என்பது என் கருத்து.

வாகனத்திற் பொருத்தும் இரு அலைவரிசைக் கருவியையே அவர்கள் விரும்புகின்றனர். 144 மெகாஹேட்ஸை அடுத்த 2 மீற்றர் வரிசையும், 430ஐ அடுத்த 70 சென்ரிமீற்றர் வரிசையும் அதில் அடங்கும். கையடக்கக் கருவியின் ஆற்றல் பொதுவாக 5 வாற்று. இதற்கோ 50 வாற்று. பத்து மடங்கு ஆற்றல் என்றதும் இளைஞர் மனம் துள்ளுகிறது. ஆனால் இவ்வலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்பவை. மேடுகள் சூழ்ந்த நம் துறைமுகத்தில், குறுக்கே நிற்கும் குன்று வாற்றுக் கணக்குக்கு எளிதில் இணங்குவதில்லை. உணர்கொம்பை 4 மீற்றர் உயரத்தில் நிறுத்தினால் வானொலித் தொடுவானம் சுமார் 8 கிலோமீற்றர். 16 மீற்றருக்கு உயர்த்தினால் சுமார் 16. ஆகவே பணத்தின் பெரும்பங்கு கம்பத்துக்கும் கொம்புக்கும் தரமான வடத்துக்கும் செல்லட்டும். மெல்லிய வடம் 20 மீற்றர் நீண்டால், 70 சென்ரிமீற்றர் வரிசையில் ஆற்றலிற் பாதிக்கு மேல் வழியிலேயே அழிந்துவிடும்.

அதற்காக மிக மலிந்த கருவியை வாங்கலாமா? கூடாது. கப்பல்களின் வானொலி 156 மெகாஹேட்ஸை ஒட்டியே இயங்குகிறது. துறைமுகத்தின் அருகே அத்தகைய வலிய அலைகளுக்கு நடுவே தரங்குறைந்த வாங்கி திணறிப்போகும். வண்ணத்திரையும் நூற்றுக்கணக்கான நினைவிடங்களும் வேண்டியதில்லை. வேண்டாத அலையை விலக்கும் நல்ல வாங்கியே வேண்டும். இருளிலும் கை அறியும் திருகிகளும் 12 வோற்று மின்கலமும் இருந்தால் மின்சாரம் அற்றாலும் குரல் அறாது. முழு ஆற்றலிற் பேசும்போது கருவி 10 அம்பியர் அளவு மின்னை உண்ணும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதிய கடற்கோளின்போது, தொடர்பிழந்த அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி அனுப்பியவர்கள் அமெச்சூர் வானொலியாளர். அவர்களுக்குக் கைகொடுத்தது சிற்றலை. நாம் பேசும் இவ்விரு வரிசைகளும் அல்ல. 200 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கொழும்பை இக்கருவி நேரே எட்டாது. ஊருக்குள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளவே அது உதவும். அவ்வுதவியும் சிறிதன்று, இடர் வந்த நாளில் முதலில் உதவுபவர் அயலவரே.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தேர்வில் தேறி, அனுமதிப்பத்திரம் எந்த வரிசைக்கு இடமளிக்கிறது எனப் பார்த்து, அருகிலுள்ளோர் எதிற் பேசுகின்றனர் என அறிந்த பின்னரே கடைக்குச் செல்லவேண்டும். கைப்பொருள் கொண்டு தொழில் செய்வதைக் குன்றேறி யானைப்போர் காண்பதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். நமக்குக் குன்று வாய்த்திருக்கிறது. கடன்பட்டு வாங்கிய விலையுயர்ந்த கருவியைவிட, கையிலுள்ள பணத்தில் வாங்கிய எளிய கருவியும் உயர்ந்த கம்பமுமே இக்குன்றுக்குத் தக்கவை.