கட்டிடம் மட்டும் போதுமா?

செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது, சிங்கவரம். அங்கே மலையைக் குடைந்து அரங்கநாதருக்குக் கோவில் எடுத்தார்கள், பல்லவர் காலத்தில். பாறையே சுவர், பாறையே கூரை. ஓடு மாற்றும் வேலை இல்லை.

பள்ளிக்கூடம் அப்படி அல்ல. மழை பெய்தால் மேல்தளம் ஊறும். குழாய் உடையும். கதவு துருப்பிடிக்கும். கட்டிய மறுநாளே அதற்குச் செலவு தொடங்கிவிடுகிறது.

இந்தச் செலவுக்குத்தான் பணம் போதவில்லை.

கட்டிடம் கட்டப் பணம் வருகிறது. அதை மறுக்க முடியாது. 2022-ம் ஆண்டு, பேராசிரியர் அன்பழகன் பெயரால் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தமிழக அரசு அறிவித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 7 ஆயிரம் கோடி ரூபாய். நல்ல காரியம். வகுப்பறை கட்டினால் திறப்பு விழா உண்டு. கல்வெட்டு உண்டு. மாலை உண்டு.

உடைந்த குழாயை மாற்றினால் யார் விழா எடுப்பார்கள்?

ஆகவே குழாய் அப்படியே கிடக்கிறது!

கழிப்பறையை எடுத்துக் கொள்ளுங்கள். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. குடிதண்ணீர் வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும் என்கிறது. கட்டியும் விடுகிறார்கள். ஆனால் தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டால் அது கழிப்பறை அல்ல; பூட்டிய அறை. வயதுவந்த பெண் பிள்ளை என்ன செய்வாள்? காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். மாதத்தில் சில நாள் பள்ளிக்கே வரமாட்டாள். பிறகு படிப்பே நின்றுவிடும். வீட்டில் தாய்மார்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று. கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்? மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் “சமக்ர சிக்‌ஷா” திட்டத்தில் ஒரு மானியம் உண்டு. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10 ஆயிரம் ரூபாய். 100 பிள்ளைகள் வரை என்றால் 25 ஆயிரம் ரூபாய்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பிள்ளைகளுக்கு 25 ஆயிரம். தலைக்கு 250 ரூபாய், ஒரு வருடத்துக்கு! இதில்தான் சில்லறை ரிப்பேர் பார்க்க வேண்டும். பள்ளிக்கு வேண்டிய சாமான் வாங்க வேண்டும். குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் துப்புரவுக்கு ஒதுக்க வேண்டும் என்பதும் விதி. அதாவது 2,500 ரூபாய். மாதத்துக்கு 208 ரூபாய். பினாயிலுக்கும் துடைப்பத்துக்குமே சரியாய்ப் போகும்.

அந்தப் பணத்துக்கும் வந்தது வம்பு. பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று, 2024-25-ம் ஆண்டுக்கான 2 ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட பங்கை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 2025-ல் தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. இரண்டு அரசுகளுக்கும் கொள்கை இருக்கலாம். அதற்காகப் பள்ளிப் பணத்தில் கை வைப்பது நியாயம் அல்ல.

ஊர்க்காரர்கள் கொடுக்கட்டுமே என்று சிலர் சொல்வார்கள். கொடுத்தும் இருக்கிறார்கள். காமராஜர் முதல்-அமைச்சராக இருந்தபோது, 1958-ல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. கல்வித்துறைத் தலைவர் நெ.து.சுந்தரவடிவேலு அதை ஊர் ஊராக நடத்தினார். பெஞ்சு கொடுத்தவர் உண்டு. கரும்பலகை கொடுத்தவர் உண்டு. அது பெருமை. என்றாலும், தினந்தோறும் கூட்டிப் பெருக்குவதை நன்கொடையில் நடத்த முடியுமா? பணக்கார ஊர் கொடுக்கும். ஏழை ஊர்ப் பிள்ளை எங்கே போகும்?

செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். ராஜா இல்லை, படை இல்லை. ஆனாலும் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. 2025-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று. கோட்டைக்குச் செய்வது சரியே. அந்தக் கோட்டையின் நிழலில் படிக்கும் குழந்தைக்கு ஒழுகாத கூரையும் ஓடுகிற குழாயும் கேட்பது பேராசையா?

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ந் தேதி கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அவசர அவசரமாகப் பிரித்தார்கள். இன்று விரிசல் விட்ட சுவருக்கும் அப்படித்தான் காத்திருக்க வேண்டுமா?

புதுக் கட்டிடத்துக்குப் பணம் ஒதுக்கும்போதே, அதைப் பராமரிக்க ஆண்டுதோறும் இவ்வளவு என்று தனியாக ஒதுக்க வேண்டும். அந்தப் பணத்தை வேறு எதற்கும் திருப்பக் கூடாது. வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பள்ளிச் சுவரிலேயே எழுதிப் போட வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் அதிகாரம் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் எழுதுவது அந்தக் குழுவின் வேலை. அதைப் பார்த்துத்தான் அரசு மானியம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்துக்குப் போகிற தாய்மார்கள், கூட்டம் தொடங்கும் முன் ஒரு தடவை கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போய் உட்காரட்டும். தண்ணீர் வராவிட்டால், திட்டத்தில் முதல் வரியாக அதையே எழுதச் சொல்லட்டும்.