வயிறு சிறுத்தால் மாத்திரை என்ன ஆகும்?

கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி பக்கத்தில் இருக்கிறது சாமனப்பள்ளி கிராமம். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி அந்த ஊரின் பெயர் தமிழ்நாடு முழுவதும் தெரிந்தது. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அங்கேதான் தொடங்கி வைத்தார். நீரிழிவு, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுக்கும் திட்டம் அது.

மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. சரி, அது ரத்தத்தில் போய்ச் சேர்ந்ததா?

சாதாரணமாக யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஆனால், உடல் எடையைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கேட்டே ஆகவேண்டும்.

எல்லை தாண்டிய வைத்தியம்

ஓசூரில் பல தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடுகின்றன. இரவு ஷிப்டு, நேரம் தவறிய சாப்பாடு, அரைத் தூக்கம். இவை மூன்றும் உடல் பருமனுக்குத் துணை போகின்றன. பருமன் வந்தால் நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் பின்னாலேயே வருகின்றன.

உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் எடை குறையாமல் போனால், சிலருக்கு டாக்டர்கள் ஆபரேஷனைச் சிபாரிசு செய்கிறார்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். பெரிய வைத்தியத்துக்கு அங்கே போவது இங்குள்ளவர்களுக்குப் பழக்கம்.

இரண்டு வகை ஆபரேஷன்

ஒரு வகையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி வாழைப்பழம்போல் நீளமாக இருக்கும்.

இன்னொன்று மாற்றுப்பாதை. பெரிய ஊரைத் தொடாமல் பைபாஸ் ரோடு போடுவதுபோல! இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாக்கி, நேராகச் சிறுகுடலின் நடுவே இணைத்துவிடுகிறார்கள். இந்த முறைக்கு 1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக டாக்டர் எட்வர்டு மேசன் வழிகாட்டினார்.

சாப்பாடு குறைகிறது, எடையும் குறைகிறது. ஆனால் மாத்திரைக்கும் அதே வழிதானே!

மாத்திரை முதலில் கரையவேண்டும். பிறகு குடல் அதை உறிஞ்சவேண்டும். ஆபரேஷனுக்குப் பின் வயிற்றில் அமிலம் குறைகிறது. மாற்றுப்பாதையில் குடலின் முதல்பகுதி விட்டுப்போகிறது. நாள் முழுவதும் மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகள், முழுதும் கரையாமலே வெளியேறிவிடலாம். கர்ப்பத்தடை மாத்திரையை நம்பியிருக்கும் பெண்கள் வேறு வழி பற்றி டாக்டரிடம் கேட்பது நல்லது.

கூடுவதும் உண்டு

எல்லா மருந்தும் குறையும் என்று நினைத்தால் அதுவும் தவறு. நீரிழிவுக்குப் பலரும் சாப்பிடும் மெட்பார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுப்பாதை ஆபரேஷன் ஆனவர்கள் உடம்பில் அது மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சேர்ந்ததாக 2011-ல் வெளியான கனடா ஆய்வு கூறியது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எடை குறையும்போது சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தாமாகவே இறங்கும். அப்போதும் பழைய அளவிலேயே மாத்திரை சாப்பிட்டால் என்ன ஆகும்? தலை சுற்றும், உடல் வியர்க்கும், மயக்கம் வரும். ஓடும் மிஷின் முன்னால் நிற்கும் தொழிலாளிக்கு மயக்கம் வந்தால் விபரீதம்தான்.

முதுகுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற மாத்திரைகளும் ஆகாது. மாற்றுப்பாதை ஆபரேஷன் ஆனவர்களுக்குக் குடல் இணைப்பில் புண் உண்டாக்கும், ரத்தம் கசியும்.

இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, பி-12, டி வைட்டமின் ஆகியவையும் உடம்பில் சரியாகச் சேருவதில்லை. எனவே சத்து மாத்திரைகளை ஆயுள் முழுவதும் சாப்பிடவேண்டும். விட்டால் சோகை வரும்; எலும்பு தேயும்.

சிக்கல் எங்கே?

ஆபரேஷன் ஒரு மாநிலத்தில். மாத்திரை இன்னொரு மாநிலத்தில். பெங்களூரு டாக்டரின் குறிப்பு வீட்டுப் பெட்டிக்குள் தூங்குகிறது. மாத்திரை கொடுக்க வரும் ஊழியருக்குப் பழைய சீட்டுதான் தெரியும். மருந்துக்கடைக்காரருக்கு எதுவுமே தெரியாது. இதில் யாரைக் குறை சொல்வது? விவரம் எல்லை தாண்டி வரவில்லை. அதுதான் குறை.

வழியும் சுலபம்தான். வீடு திரும்பும்போது என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த மாத்திரை எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி வாங்கவேண்டும். அதை ஊர் டாக்டர், சுகாதார ஊழியர், மருந்துக்கடைக்காரர் எல்லாரிடமும் காட்டவேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், சத்துக் குறைவு ஆகியவற்றை டாக்டர் சொல்லும் நாட்களில் சோதிக்கவேண்டும். தாமாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது.

அரசு மாத்திரையை வாசல்வரை கொண்டுவரலாம். அதற்குப் பிறகு உள்ள ஒரு சாண் தூரத்துக்குக் காவல், வீட்டில் இருக்கும் அந்த ஒரு தாள்தான்!