கேக் வெட்ட எத்தனை மணி?

உங்கள் தம்பிக்குப் பிறந்தநாள் வருகிறதா? எத்தனை மணிக்குக் கேக் வெட்டப் போகிறீர்கள்?

நீங்கள் இருப்பது ரொறன்ரோ, அம்மம்மா இருப்பது யாழ்ப்பாணம் என்று வைத்துக்கொள்வோம். கோடைகாலம். சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு நண்பர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அப்போது யாழ்ப்பாணத்தில் ஞாயிறு அதிகாலை 1.30 மணி. அம்மம்மா நல்ல நித்திரை!

"வீடியோ எடுத்துப் பிறகு அனுப்பலாம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். அனுப்பலாம். அம்மம்மா தம்பியைப் பார்ப்பார். ஆனால், தம்பியால் அம்மம்மாவைப் பார்க்க முடியாதே! சின்னப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்துத்தான் முகம் பழகுவார்கள். கேட்டுக் கேட்டுத்தான் குரல் பழகுவார்கள்.

ஆகவே, காலையிலும் ஒரு சின்னக் கொண்டாட்டம் வேண்டும் என்பது என் கருத்து. இங்கே காலை 9 மணி என்றால், அங்கே மாலை 6.30. தம்பிக்குப் புது உடுப்புப் போட்டுவிட்டு, அம்மம்மாவுக்கு வீடியோ கோல் எடுங்கள். "என்ரை குஞ்சு, நல்லா இருக்கவேணும்!" என்று அவர் வாழ்த்துவார். தம்பியும் "அம்மம்மா!" என்று கூப்பிடுவான். நண்பர்களோடு கேக் வெட்டுவது பின்னேரம் நடக்கட்டும்.

நேரம் குறிக்கும் முன், இரண்டு ஊர் மணிக்கூட்டையும் பாருங்கள்.